பவளத் தொட்டிக்கு மீன் வாங்கும் முன்...

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போனதும் நிறத்தைப் பார்த்து மீனை வாங்கிவிடுகிறார்கள். அந்த மீன் பவளத்தைக் கடிக்குமா, மற்ற மீன்களோடு ஒத்துப்போகுமா, நம் வீட்டில் கிடைக்கும் தீனியைத் தின்னுமா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகே பணத்தை எடுங்கள்.

1. முதலில் சட்டம். பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கியது என்று சொல்லி யாராவது பவளக் கல்லை விற்க வந்தால் வாங்காதீர்கள். செத்த கல்லாக இருந்தாலும் குற்றம்தான். மென்பவளம் வாங்குவதாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை விசாரித்துக்கொண்டு, பண்ணையில் வெட்டிப் பதியம் போட்ட துண்டுகளை ரசீதோடு வாங்கலாம்.

2. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் அடைத்த இடம் போக, தண்ணீர் அதைவிடக் குறைவு. இதில் ஐந்தாறு சிறிய மீன்களுக்கு மேல் வேண்டாம். மீன் கூடினால் தீனி கூடும், கழிவு கூடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, பவளத்தின் மேல் பாசி படரும். மீனுக்கு இடம் போதும் என்று தோன்றும்போதே பவளத்துக்குத் தண்ணீர் கெட்டிருக்கும்.

3. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகைகள் பவளத்தையே கொத்தித் தின்று வாழ்பவை. கிளாத்தி, பேத்தை, கிளிமீன், பெரிய ஏஞ்சல் வகைகள் ஆகியவையும் பவளத் தொட்டிக்கு ஆகாது. குட்டை ஏஞ்சல்களை நம்ப முடியாது. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் கொத்த ஆரம்பிக்கும்.

4. சிங்கமீன் பவளத்தைத் தொடாது. ஆனால் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கிவிடும். கலவாயும் அப்படித்தான். ‘பவளத்துக்கு ஆபத்தில்லை’ என்று கடைக்காரர் சொன்னால், ‘சின்ன மீனுக்கும் இறாலுக்கும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

5. தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது கோமாளி மீன், அதிலும் ஒசெல்லாரிஸ் வகை. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதும் வலியதுமான மீன் பிறகு பெண்ணாக மாறும். அதனால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு குட்டிகளை எடுத்தால் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும். சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடலைச் சிலிர்த்தால் பயப்பட வேண்டாம். ‘நீதான் பெரியவள்’ என்று அடங்கிப்போவதற்கான அடையாளம் அது. மூன்றாவது கோமாளி மீனைச் சேர்த்தால் ஜோடி அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். ஒரே தொட்டியில் இரண்டு வகைக் கோமாளி மீன்களும் வேண்டாம். மரூன் வகை மிகவும் முரடு. அதைத் தவிர்ப்பது நல்லது.

6. கோமாளி மீனுக்கு, அது கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) கட்டாயம் இல்லை. அது இல்லாமலே நன்றாக வாழும். கடல் சாமந்தி இடம் பிடிக்காவிட்டால் தொட்டிக்குள் ஊர்ந்து போய், வழியில் உள்ள பவளங்களைக் கொட்டும். தொட்டி ஒரு வருடமாவது பழகாமல் அதை வாங்காதீர்கள்.

7. ஒரே சாயல் உள்ள மீன்களைச் சேர்க்க வேண்டாம். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சளாக இருக்கும் ராயல் கிராமா சாதுவான மீன். கிட்டத்தட்ட அதே நிறத்தில் ராயல் டாட்டிபேக் என்று இன்னொன்று உண்டு. அது சண்டைக்காரன். கிட்டே போய்ப் பாருங்கள்: கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளில் கரையும், முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருக்கும். டாட்டிபேக்கில் கோடு கிழித்ததுபோல நிறம் சட்டென்று மாறும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கி அவதிப்படுகிறவர்கள் நிறைய.

8. எதை முதலில் விடுகிறோம் என்பது எதை வாங்குகிறோம் என்பதற்குச் சமமான விஷயம். சாதுக்கள் முதலில், முரடர்கள் கடைசியில். விலை குறைவு என்று டாம்சல் மீனை முதலில் விட்டால், தொட்டி முழுவதும் தன்னுடையது என்று அது முடிவு செய்துவிடும். பிறகு வரும் மீன் எதுவானாலும் மூலையில் ஒடுங்க வேண்டியதுதான். அதைத் திரும்பப் பிடிக்கலாம் என்றால் பாறைகளை எல்லாம் பிரிக்க வேண்டிவரும். புதிய மீனை விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். துளையுள்ள பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே இரண்டு நாள் காட்டிவிட்டுத் திறப்பது இன்னும் நல்லது.

9. குழந்தைகள் கார்ட்டூன் படத்தில் பார்த்த ‘டோரி’யைக் கேட்பார்கள். கடையில் இரண்டு அங்குலமாக நிற்கும் அந்த நீல டாங் வளர்ந்தால் ஓரடி நீளம் வரும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது. ஆறு அடித் தொட்டி வைக்க முடியாவிட்டால் மறுத்துவிடுங்கள். குழந்தைக்குக் காரணத்தைச் சொன்னால் புரியும்.

10. சின்னத் தொட்டிக்கு வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும் அருமையான சேர்க்கை. இறாலுக்குக் கண்பார்வை மட்டம். அது மணலை வாரி வாரி வெளியே கொட்டி வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் ஒரு மீசையை மீனின் உடல்மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை வெடுக்கென்று அசைக்கும், அடுத்த நொடி இரண்டும் உள்ளே. இதற்கு மெல்லிய மணல் வேண்டும். பாறைகளை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றுங்கள். இல்லையென்றால் வளை தோண்டும்போது பாறை சரியும்.

11. சில மீன்கள் நம் வீட்டில் பட்டினியால் சாகும். மாண்டரின் மீன் பாறையிடுக்கில் உள்ள கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிரிகளைப் பொறுக்கித் தின்பது. புதிய தொட்டியில் அவை போதாது. மற்ற மீன்களின் உடலில் ஒட்டுண்ணி பொறுக்கி வாழும் கிளீனர் ராஸ் கடலிலேயே இருக்கட்டும். அந்த வேலைக்குக் கிளீனர் இறால் போதும்.

12. வாங்குமுன் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படி வந்த மீன் பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் சில வாரங்களில் செத்துவிடும். வயிறு ஒட்டியிருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா என்றும் பாருங்கள்.

13. புதிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வையுங்கள். உப்புத் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி தெரிந்தால் அங்கேயே மருந்து கொடுக்கலாம். செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றினால் பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும்.

14. ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி எல்லாம் துள்ளும். மேலே வலை மூடி போடுங்கள்.

15. மேலே சொன்ன மூன்றடித் தொட்டிக்கு என் பட்டியல்: ஃபயர்ஃபிஷ் ஒன்று, கோபி ஒன்று அதன் இறாலோடு, ராயல் கிராமா ஒன்று, கடைசியாகக் கோமாளி மீன் ஜோடி. இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இடையே சில வாரம் விட்டுச் சேருங்கள்.

16. பண்ணையில் பிறந்த மீனையே கேளுங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல் மீன், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு 2007-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த மீனே இன்று பண்ணைகளிலும் பிறக்கிறது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் நம் கரையிலேயே செய்து காட்டியிருக்கின்றன. கடைக்காரரிடம், ‘இது பண்ணை மீனா, கடலில் பிடித்ததா?’ என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவரும் பண்ணை மீனை வரவழைப்பார்.