தூங்காத கெர்னல்



பொங்கல் விடுமுறை முடிந்து, இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஜூஜுவாடியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஐந்து நாள் சும்மா நின்ற மினி லாரி செல்ஃப் எடுக்கவில்லை. "லைட்டை அணைக்காம போயிட்டியாப்பா?" என்று டிரைவர் அண்ணனைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். அண்ணன் சத்தியம் செய்தும் அன்றைய பேட்டா போயிற்று.

எனக்குச் சந்தேகம் வண்டியில் இருந்த ஜிபிஎஸ் பெட்டி மேல்தான். அதற்குள் ஓடுவது லினக்ஸ். மீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தேன். சாவியை எடுத்த பிறகும் அரை ஆம்பியர்! 120 மணி நேரத்துக்கு 60 ஆம்பியர் அவர். பழைய பேட்டரி என்ன செய்யும்?

கெர்னல் தூங்குவதை 'சஸ்பெண்ட்' என்கிறோம். முதலில் புரோகிராம்களை உறைய வைக்கும். பிறகு சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். கடைசியில் சிபியூ நிற்கும், ராம் மட்டும் நினைவோடு இருக்கும். எப்போது தூங்குவது என்பதில்தான் சண்டை. ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் பொறியாளர்கள் 2009-ல் 'வேக் லாக்' முறையை லினக்ஸ் குழுவிடம் கொண்டுவந்தார்கள். யாரும் பூட்டுப் பிடிக்காவிட்டால் கெர்னல் உடனே தூங்கிவிடும். மோசமான புரோகிராம் ஒன்று ஓடினாலும் பேட்டரி பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். வேலை இல்லாதபோது சிபியூ தானே ஓய்வெடுக்கிறதே, கெட்ட புரோகிராமைத் திருத்துங்கள், பூட்டைப் போட்டவன் எடுக்க மறந்தால் என்ன செய்வீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2010-ல் சண்டை உச்சத்துக்குப் போனது.

இடையில் நிஜமான சிக்கல் ஒன்று உண்டு. தூங்கப் போகும் அதே நொடியில் ஒரு செய்தி வந்தால்? வாட்ச்மேன் கேட்டைப் பூட்டும்போது நைட் ஷிஃப்ட் பஸ் வந்து நிற்பது போல. போலந்து நாட்டுப் பொறியாளர் ரஃபேல் விசோட்ஸ்கி 2010-ல் இதற்கு வழி செய்தார். இதுவரை வந்த எழுப்பல்கள் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள். தூங்குமுன் அதே எண்ணைத் திருப்பிச் சொல். நடுவில் ஒன்று கூடியிருந்தால் கெர்னல் தூங்க மறுக்கும். அவ்வளவுதான், ஆனால் அழகு! இதன்மேல் கட்டிய தானியங்கித் தூக்கமும், வேக் லாக் போன்ற வசதியும் 2012-ல் லினக்ஸ் 3.5-ல் சேர்ந்தன.

நம்ம பெட்டியும் அந்த வகைதான். ஓர் இரவு வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, காலையில் கெர்னல் தரும் 'வேக்கப் சோர்சஸ்' பட்டியலைப் பார்த்தேன். மோடம் புரோகிராமின் பூட்டு ஆறு மணி நேரமாகப் பிடித்தபடி இருந்தது. எல்லையில் நிற்கும் வண்டி அல்லவா! ஒரு நேரம் நம்ம டவர், ஒரு நேரம் அத்திப்பள்ளிப் பக்கத்து டவர். மாறும் ஒவ்வொரு முறையும் புரோகிராம் பூட்டைப் போடும். பதிவு தோற்றுப் போனால் எடுக்காமலே திரும்பிவிடும். எதிர்த்தவர்கள் பயந்தது இதைத்தான்.

தோற்கும் வழியிலும் பூட்டை எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தோம். மீட்டர் 9 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. சூப்பர்வைசர் இரண்டு தடவை குனிந்து பார்த்து, "சரிதான் தம்பி" என்றார். அண்ணனுக்குப் பேட்டா இன்னும் வரவில்லை.