ராத்திரியில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லையா?

அவசரத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக, அநேக தோட்டங்களில் நமக்குக் கைகொடுப்பது லயத்துப் பக்கம் நிற்கும் ஆட்டோதான். பிரசவ வலி வந்த பிள்ளையை ஏற்றிய பிறகு வண்டி பிடிக்காவிட்டால் எல்லோரும் பதறிப்போவார்கள். டிரைவர் தம்பி செல்ஃபை விடாமல் அழுத்துவார். இருக்கிற பெட்டரியும் இறங்கிவிடும்.

ஆகவே முதல் வேலையை மறக்காதீர்கள். ஒருவர் வண்டியைப் பார்க்கட்டும், இன்னொருவர் உடனே 1990 க்கு கோல் எடுக்கட்டும். 2016 இல் ஆரம்பித்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது. இதற்குக் காசு கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், மெயின் ரோட்டில் இருந்து திரும்பும் இடம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். எஞ்சின் ஓட கரண்ட், பெட்ரோல், காற்று மூன்றும் வேண்டும். எது குறைகிறது என்று சத்தமே சொல்லிவிடும். கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைப் போட்டு, செல்ஃபை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்.

1. சத்தமே இல்லை, அல்லது "டிக் டிக்" என்று மட்டும் கேக்குது:
பெட்டரிப் பக்கம்தான் கோளாறு. ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் பெட்டரி இறங்கியிருக்கிறது. நன்றாக எரிந்தால் பெட்டரி வயர் முனைகளை அசைத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் இறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். லைட்டே எரியாவிட்டால் பியூஸையும் பாருங்கள்.

2. எஞ்சின் சுற்றுது, ஆனால் பிடிக்கமாட்டேங்குது:
டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? டேப் மூடியிருக்கிறதா? பெட்ரோல் குறைவென்றால் டேப்பை ரிசர்வுக்குத் திருப்புங்கள். குளிர் நேரத்தில் சோக் போட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் வாசம் பலமாக அடித்தால் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது என்று அர்த்தம். சோக்கை எடுத்துவிட்டு, டேப்பை மூடி, சில நிமிடம் பொறுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவையுங்கள். கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். நம்ம பக்கத்துப் பனியிலும் தூறலிலும் பிளக் மூடிக்குள் ஈரம் இறங்கும். உலர்ந்த துணியால் அதையும் துடையுங்கள்.

3. பிடிக்குது, உடனே நின்றுபோகுது:
டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கலாம். மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஏர் ஃபில்டரில் தூசு அடைத்திருந்தாலும் இப்படி நடக்கும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை:

செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து செக்கனுக்கு மேல் அழுத்தாதீர்கள். கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்துங்கள்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. டோர்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதென்றால் சாவியைப் போட்டு, கிளச்சைப் பிடித்து, இரண்டாம் கியரில் வையுங்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் கிளச்சை விடுங்கள். நோயாளியை இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பள்ளமும் வளைவும் உள்ள தோட்ட ரோட்டில் இந்த வேலை வேண்டாம். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பத்து நிமிடத்தில் வண்டி பிடிக்காவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறு வண்டியைப் பாருங்கள். கோளாறை விடிந்த பிறகு கராஜில் காட்டலாம்.

ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரே, மாதம் ஒரு தடவை பெட்டரி முனையையும் பிளக்கையும் பாருங்கள். ஒரு பிளக், ஸ்பேனர், டோர்ச், துணி எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஆஸ்பத்திரி வரை போகும் அளவு பெட்ரோல் மிச்சம் இருக்கட்டும். அந்த லயத்தில் எத்தனையோ குடும்பம் உங்கள் வண்டியை நம்பித்தான் தூங்குது.