கரையிலிருந்து கணவாய் பிடிக்க எந்த ஜிக் வாங்கலாம்?

தூண்டில் கடையில் போய் ‘கணவாய் ஜிக் இருக்கா?’ என்று கேட்டால், கடைக்காரர் ஒரு தட்டையே எடுத்து முன்னால் வைப்பார். ஆரஞ்சு, பிங்க், பச்சை, நீலம் என்று எல்லாம் பளபளக்கும். பிடித்த நிறத்தில் நாலைந்து வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே ஒன்று பாரில் சிக்கி அறுந்துபோகும். இன்னொன்று கணவாய் நிற்கும் ஆழத்துக்கு இறங்கவே இறங்காது.

தேர்ந்தெடுக்கும் வரிசை தலைகீழாக இருப்பதால் வரும் வினை இது. முதலில் நாம் நிற்கும் இடத்தின் ஆழம், அடுத்து ஜிக்கின் அளவு, பிறகு அது விழும் வேகம், கடைசியில்தான் நிறம். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் கையில் நான்கு ஜிக் இருந்தாலே போதும்.

எந்தக் கணவாய், என்ன ஜிக்?

நம் கடற்கரையில் கணவாய் என்றால் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் மூன்றுமே அதில் அடக்கம். கரையிலிருந்து ஜிக் போடுபவர்கள் பெரும்பாலும் தேடுவது, உடலின் இரு பக்கமும் முழு நீளத்துக்கு அகன்ற துடுப்பு உள்ள கணவாயை. செபியோடூத்திஸ் லெஸ்ஸோனியானா என்பது அதன் அறிவியல் பெயர். ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா வரையிலும், நம் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாவிலும் அது வாழ்கிறது. கடற்புல், பவளப்பார், பாறை ஓரம் என்று ஆழம் குறைந்த இடங்களுக்கு வருவதால், படகே இல்லாமல் கரையிலிருந்து பிடிக்க முடிகிறது. ஓட்டுக்கணவாயும் இதே ஜிக்கில் விழும்.

இறால் வடிவத்தில் இருக்கும் இந்த ஜிக் ஜப்பானில் பிறந்தது. அங்கே அதன் பெயர் எகி. தெற்கே ககோஷிமா வட்டாரத்தில் மரத்தைச் செதுக்கிச் செய்துவந்தார்கள். இப்போது பிளாஸ்டிக் உடலின்மேல் துணி சுற்றி வருகிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூக்கில் நரம்பு கட்டும் வளையம், அதற்குச் சற்றுக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் ஈயத்தகடு, பக்கவாட்டில் இரண்டு சிறு இறகுகள், வால் நுனியில் விரித்த குடைக்கம்பிகள்போல் மேல்நோக்கி வளைந்த முட்கள் இரண்டு அடுக்காக. மீன் தூண்டிலில் இருக்கும் எதிர்முள் இதில் கிடையாது. ஈயம் முன்பக்கம் இருப்பதால் எகி தலைகுனிந்து, வால் தூக்கி, சரிவாக இறங்கும். அப்படி இறங்கும்போதுதான் கணவாய் பிடிக்கும். பின்னாலிருந்து வந்து எட்டுக் கைகளையும் கூர்மையாகக் குவித்து நிற்கும். பிறகு நீண்ட இரு கைகளையும் சட்டென்று நீட்டி எகியை அணைக்கும். அந்தக் கைகள்தான் முள்ளில் மாட்டும். ஆகவே, எகியின் தரம் என்பது அது எவ்வளவு ஒழுங்காக விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

படி 1: இடத்தின் ஆழத்தையும் அடியையும் அறியுங்கள்

உள்ளூர் மீனவர் ஒருவரிடம் ‘இங்க எத்தனை பாகம்ணே இருக்கும்?’ என்று கேளுங்கள். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். கேட்க ஆள் இல்லையென்றால், வெறும் ஈயக்குண்டு கட்டி எறிந்து, அடியில் தட்டும்வரை எண்ணுங்கள். நாலைந்து திசையில் எறிந்தால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரிந்துவிடும். குண்டு ‘டக்’கென்று நின்றால் பாறை, மெத்தென்று பதிந்தால் மணல் அல்லது சேறு. இழுக்கும்போது இலை ஒட்டி வந்தால் கடற்புல்.

இடத்துக்கு இடம் இது மாறும். மண்டபம், தொண்டி பக்கம் பாக் விரிகுடாக் கரை ஆழம் குறைந்தது, கடற்புல் படர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூண்டில் வளைவுகளின் நுனியில் நின்றால் காலடியிலேயே ஆழம் கிடைக்கும். ஆனால் கல் இடுக்குகள் எகியை விழுங்கும். ஒரே எகி இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது.

படி 2: அளவைத் தீர்மானியுங்கள்

எகியின் அளவு 1.5, 2, 2.5, 3, 3.5, 4 என்று எண்ணில் குறிக்கப்படும். இது ஜப்பானின் பழைய நீள அளவை ஒட்டியது. 1 என்பது சுமார் 3 செ.மீ. அந்தக் கணக்கில் 2.5 சுமார் 7.5 செ.மீ., 3.5 சுமார் 10.5 செ.மீ. எடையும் கூடிக்கொண்டே போகும். சாதாரண வகையில் 2.5 சுமார் 10 கிராம், 3 சுமார் 15 கிராம், 3.5 சுமார் 20 கிராம்.

• ஒரு பாகத்துக்குள் ஆழம், காற்று இல்லை, கண்ணில் படும் கணவாய்கள் சிறியவை: 2.5.
• ஒன்று முதல் இரண்டு பாகம், மிதமான காற்று: 3. ஒரே ஒரு அளவுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.
• அதைவிட ஆழம், எதிர்க்காற்று, தூர எறிய வேண்டிய தேவை, பெரிய கணவாய்: 3.5.

பெரிய எகிக்குப் பெரிய கணவாய்தான் வரும் என்று கட்டாயம் இல்லை. தன் உடல் நீளத்துக்குச் சமமான எகியைக்கூட கணவாய் துணிந்து அணைக்கும். அதனால் அளவைக் கணவாயை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எறியும் தூரம், காற்று, உங்கள் ராடு தாங்கும் எடை ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ராடின் அடிப்பகுதியில் அது தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும்.

படி 3: விழும் வேகத்தைப் பாருங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரே 3.5 அளவில் மூன்று விதம் உண்டு. சாதாரண வகை ஒரு மீட்டர் இறங்க 3 முதல் 3.5 வினாடி எடுக்கும். ‘ஷாலோ’ என்று அச்சிட்டது 5 அல்லது 6 வினாடி எடுத்து மெதுவாக மிதந்து இறங்கும். ‘டீப்’ என்பது 2 முதல் 2.5 வினாடியில் இறங்கிவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்பதால் அட்டையின் பின்புறம் பார்த்து வாங்குங்கள்.

கடற்புல்லின் மேலும் தாழ்ந்த பாரின் மேலும் ஷாலோ வகைதான் சரி. புல் நுனிக்கு மேலே அது நெடுநேரம் நிற்கும். கணவாய் எழுந்து வந்து பிடிக்க நேரம் கிடைக்கும். நீரோட்டம் வேகமாக இருந்தாலோ காற்று நரம்பை வளைத்துத் தூக்கினாலோ சாதாரண எகி அடிக்கே போகாமல் மேலேயே இழுபட்டு வரும். அங்கே டீப் வகை வேண்டும்.

கணக்கு எளிது. ஆழம் இரண்டு பாகம், அதாவது ஏறக்குறைய 3.6 மீட்டர் என்றால், சாதாரண எகி அடிக்குப் போக 11, 12 வினாடி ஆகும். 9 வரை எண்ணி, ராடை இரண்டு முறை மேலே வெட்டி, மறுபடி விழ விடுங்கள். இப்படிச் செய்தால் எகி பாறையில் உட்காராது; செலவும் மிச்சம்.

கையில் இருப்பது சாதாரண எகி, இடமோ ஆழம் என்றால், அதன் மூக்கடியில் மெல்லிய ஈயக்கம்பியை இறுக்கிச் சுற்றி இறங்கும் வேகத்தைக் கூட்டலாம். சுற்றிய பிறகு நேராக விழுகிறதா என்று கரையோரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: இப்போது நிறம்

பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே ஒரு வகைதான். நாம் பார்ப்பதுபோல் சிவப்பையும் பச்சையையும் அவை பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே ‘என்ன நிறம்?’ என்பதைவிட, ‘இந்தத் தண்ணீரில் இது எவ்வளவு எடுப்பாகத் தெரியும்?’ என்பதே சரியான கேள்வி.

எகியில் இரண்டு நிறம் உண்டு. மேலே தெரியும் துணி ஒன்று. துணிக்குள்ளிருந்து மின்னும் அடித்தாள் இன்னொன்று. வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தால் அடித்தாள் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

• வெள்ளி: தெளிந்த தண்ணீர், நல்ல வெயில்.
• தங்கம்: கலங்கல் தண்ணீர், மேகமூட்டம், அதிகாலை, அந்தி.
• சிவப்பு: இருட்டு, ஆழம். சிவப்பு ஒளி தண்ணீரில் சீக்கிரம் மங்கிவிடுவதால் எகி கருநிழலாக எடுப்பாய்த் தெரியும்.
• ஒளிர் வகை: நிலா இல்லாத இரவு. டார்ச் வெளிச்சத்தில் சற்று நேரம் காட்டிவிட்டு எறியுங்கள்.

மேல்துணியில் ஆரஞ்சும் பிங்க்கும் நமக்கும் தூரத்தில் தெரியும் என்பதால், பழகுபவர்களுக்கு நல்லது. எகி எங்கே வருகிறது, பின்னால் கணவாய் தொடர்கிறதா என்று பார்க்கலாம். தெளிந்த தண்ணீரில் கணவாய் தொடர்ந்து வந்து, பிடிக்காமல் திரும்பினால், பச்சை, பழுப்பு போன்ற அடக்கமான நிறத்துக்கு மாறுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நிறத்தை விட்டுவிட்டு ஓர் அளவு சிறியதைப் போடுங்கள்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வடகடலான பாக் விரிகுடா அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது மாறும். அடங்கிய பக்கம் போனால் தெளிந்த தண்ணீர். வெள்ளி அடித்தாள் போதும். கலங்கிய பக்கமே நிற்க நேர்ந்தால் தங்கம்.

இரவில் விளக்கு எரியும் பாலத்திலோ படகுத்துறையிலோ நின்றால், வெளிச்சத்தின் நடுவிலேயே எகியை இறங்க விடாதீர்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் இருட்டுப் பக்கத்தில்தான் கணவாய் காத்திருக்கும். வெளிச்சத்தில் எறிந்து, எகி அந்தக் கோட்டில் இறங்கும்படி கொண்டுவாருங்கள்.

படி 5: வாங்கும் முன் சோதியுங்கள்

விலை மலிந்த எகியிலும் நல்லது உண்டு; பார்த்து எடுக்க வேண்டும்.

1. மூக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஈயத்தகடு நட்டநடுவில் நேராக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் தண்ணீரில் சுழலும்.
2. முட்களை நகத்தின்மேல் மெதுவாக வைத்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கல், பற்றி நின்றால் கூர்மை. எல்லா முட்களும் ஒரே அளவு விரிந்திருக்க வேண்டும்.
3. துணியின் தையல், வால் பக்கம் பிரிந்திருக்கக் கூடாது. துணி கிழிந்த எகி நேராக நீந்தாது.
4. மூக்கு வளையத்தைத் திருகிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் வேலை, கரையோரத் தண்ணீரிலோ வாளியிலோ விட்டுப் பார்ப்பது. தலைகுனிந்து, சுழலாமல், ஒரே சீராக இறங்கினால் தேறிவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

படி 6: கட்டுவதும் பாதுகாப்பதும்

எகி தனக்கே உரிய சாய்வில் ஆட வேண்டும் என்பதால் கனத்த சுழலியோ கம்பியோ போடாதீர்கள். சிறிய ஸ்னாப் ஒன்று போதும், மாற்றுவதும் சுலபம். பிரெய்டு நரம்பு PE எண் 0.6 அல்லது 0.8, அதன் நுனியில் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை ஃப்ளூரோகார்பன் நரம்பு என்பது கரைக்குப் பொதுவான அளவு. முள்ளில் எதிர்முள் இல்லாததால், மாட்டிய பிறகு நரம்பைத் தொய்ய விடாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கை மட்டும் பிய்ந்து வரும்.

பாரில் உரசி முள் விரிந்தால் குறடால் பழைய வளைவுக்குக் கொண்டுவாருங்கள். கல் அதிகம் உள்ள இடத்துக்கென்று ஓர் எகியை ஒதுக்கி, அதன் கீழ்ப்பக்க முட்களை மட்டும் வெட்டிவிட்டால் சிக்குவது குறையும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்போடு பெட்டியில் போட்டால் முள் துருப்பிடிக்கும், துணியும் இற்றுப்போகும்.

முதல் பெட்டிக்கு நான்கு

• 2.5, ஷாலோ, வெள்ளி அடித்தாள், பச்சை அல்லது பழுப்புத் துணி: கடற்புல், தெளிந்த பகல்.
• 3, சாதாரணம், தங்க அடித்தாள், ஆரஞ்சுத் துணி: காலை, மாலை, கலங்கல்.
• 3.5, சாதாரணம், சிவப்பு அடித்தாள், பிங்க் துணி: ஆழம், அந்தி தாண்டிய நேரம்.
• 3.5, டீப், ஒளிர் வகை: இருண்ட இரவு, நீரோட்டம்.

இந்த நான்கில் எது எப்போது பிடித்தது, தண்ணீர் எப்படி இருந்தது, எத்தனை எண்ணியபோது இழுத்தது என்று குறித்து வாருங்கள். ஐந்தாவதாக எதை வாங்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் தடை செய்யப்பட்ட பகுதி. துறைமுக எல்லைக்குள்ளும் அனுமதியின்றி நிற்காதீர்கள். இந்தக் கணவாயின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. கடற்புல்லிலும் பவளத்திலும் விரல்போன்ற வெண்ணிற முட்டைப் பைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போகிறது. அந்த முட்டைக் கொத்து எகியில் மாட்டி வந்தால் உடனே இடத்தை மாற்றுங்கள். சாண் நீளம்கூட இல்லாத குஞ்சைத் திருப்பி விடுங்கள். அறுந்த நரம்பைக் கடலில் விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். இந்த ஆண்டு முட்டைகள் பிழைத்தால்தான் அடுத்த ஆண்டு கரையோரம் கணவாய் வரும்.