ஹப் நட் மாற்றப் போகும் தம்பிக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறையில் சேருகிற பையன் ஹப்பைக் கழற்றச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். மாட்டக் கற்றுக்கொடுக்கத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. "நல்லா இறுக்கிட்டு, கால் சுத்து லூஸ் பண்ணி உடு" என்று மேஸ்திரி சொல்வதோடு பாடம் முடிந்துவிடும். கம்பெனி நட் இருந்தவரை அந்தக் கால் சுற்றில் வண்டி எப்படியோ ஓடியது. இப்போது ஓனர்களே வெளியில் விற்கிற நட்டை வாங்கிவந்து மாட்டச் சொல்கிறார்கள். ஒற்றை நட்டிலேயே லாக் உள்ளது, பக்கவாட்டில் சின்ன ஸ்குரூ வைத்துப் பிடிப்பது, கிளிப் போடுவது என்று பல ரகம். நட் மாறினால் பழைய கால் சுற்று செல்லாது. அதனால்தான் தம்பி, உட்கார்ந்து எழுதுகிறேன்.

1. இந்த நட்டுக்கு என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள். வீல் நட் இறுக்கிப் பிடிக்க வந்தது. எவ்வளவு டைட் என்பதுதான் அங்கே கணக்கு. ஹப் நட் இடம் காட்ட வந்தது. வெளி பேரிங்கின் கோன் ஸ்பிண்டிலில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். லாரி ஹப்பில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். 1898-ல் ஹென்றி டிம்கன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சங்கதி, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. கோன் உள்ளே போகப் போக ரோலருக்கும் கப்புக்கும் நடுவில் உள்ள ஆட்டம் குறையும். ஓர் இடத்தில் ஆட்டம் பூஜ்யமாகும். அதற்கு மேலும் தள்ளினால் ரோலர்கள் லோடு ஏறுவதற்கு முன்பே அழுத்தத்தில் உட்கார்ந்துவிடும். அதுதான் பிரீலோட். ஆட்டமும் பிரீலோடும் ஒரே கோட்டின் இரண்டு பக்கங்கள்.

பூஜ்யத்தைத் தாண்டிக் கொஞ்சமே பிரீலோட் இருக்கும்போதுதான் பேரிங் அதிக நாள் உழைக்கும் என்பது உண்மை. அதை நம்பி இறுக்கிவிடாதே. அந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் டைட் ஆனால் ஆயுள் சரசரவென்று விழும். லூஸ் பக்கம் போனால் மெதுவாகத்தான் குறையும். பட்டறையில் நம்மால் அவ்வளவு நுணுக்கமாகப் பிரீலோடை அளக்க முடியாது. அதனால்தான் பெரிய லாரி ஹப்புகளுக்குச் சின்ன ஆட்டம் விட்டுவைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க டிரக்கிங் சங்கத்தின் பராமரிப்புக் குழு வகுத்த ஆர்.பி. 618 என்ற முறையில் அது 0.001 முதல் 0.005 அங்குலம். நம் அளவில் 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர். சில ஃபோர்வீல் ஜீப்புகளுக்கு ஆட்டமே கூடாது, லேசாகப் பிரீலோட் வேண்டும் என்று கையேடு சொல்லும். வீல் ஸ்டட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, ஹப் எத்தனை கிலோவில் நகரத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லும். எந்த வண்டி உன் முன்னால் நிற்கிறதோ அதன் கையேட்டைப் பார். லாரிக் கணக்கை ஜீப்புக்குப் போடாதே.

2. பிட்ச் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார். ஸ்பிண்டில் திரெட் 1.5 மில்லிமீட்டர் பிட்ச் என்றால் நட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்கு 0.375. நமக்கு அனுமதித்த மொத்த இடைவெளியே 0.1 மில்லிமீட்டர்தான், அது 24 டிகிரி, கடிகாரத்தில் பெரிய முள் நான்கு நிமிடம் நகர்கிற தூரம். அதே கால் சுற்றை 2 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள ஸ்பிண்டிலில் திருப்பினால் 0.5 மில்லிமீட்டர். "கால் சுத்து" என்பது எல்லா வண்டிக்கும் ஒரே அளவு இல்லை என்பது இப்போது புரிகிறதா?

பழைய கேசில் நட்டில் ஆறு வெட்டு இருக்கும். ஸ்பிண்டிலில் ஒரே ஓட்டை என்றால் 60 டிகிரிக்கு ஒருமுறைதான் காட்டர் பின் இறங்கும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்கு 0.25 மில்லிமீட்டர். தொண்ணூறு டிகிரியில் இரண்டு ஓட்டை போட்டிருந்தால் 30 டிகிரி, அப்போதும் 0.125. இரண்டுமே அனுமதித்த இடைவெளியைவிடப் பெரிது. ஒரு வெட்டில் டைட், அடுத்த வெட்டில் லூஸ் என்று பையன்கள் தடுமாறுவது இதனால்தான். வெளி நட்டுக்காரர்கள் நிறைய பல் வெட்டி, பொடிப்பொடியாக நகர்த்த வழி செய்திருப்பதும் இதற்காகவே. நல்ல நட்டுக்கு ஓனர் கொடுக்கிற காசு இந்த ஒரு காரணத்துக்கே தகும். வெட்டு சேரவில்லையே என்று கேசில் நட்டின் முகத்தைக் கிரைண்டரில் தேய்க்கிற வேலையை மட்டும் செய்யாதே. முகம் கோணினால் கோன் ஒரு பக்கமாக அழுந்தும்.

3. வாங்கிவந்த நட்டை மாட்டுவதற்கு முன் சோதி. ஹப் இல்லாத வெறும் ஸ்பிண்டிலில் கையால் திருகிப் பார். கடைசி திரெட் வரை விரலாலேயே போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பிடித்தால் பிட்ச் வேறு. அங்குலத் திரெட்டும் மில்லிமீட்டர் திரெட்டும் முதல் சுற்றுகளில் ஒன்றுபோல ஏமாற்றும். தொளதொளவென்று ஆடினாலும் வேண்டாம். முகத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஆட்டிப் பார். கடகடவென்றால் திருப்பிக் கொடு. சில வண்டிகளில் ஒரு பக்கம் லெஃப்ட் திரெட் இருக்கும், இரண்டு நட்டும் ஒரே பெட்டியில் வந்தது என்று நம்பி மாட்டாதே. கிளிப் உள்ள நட் என்றால் ஸ்பிண்டிலின் கீவேயையும் பார். அதன் ஓரம் தேய்ந்து அகன்றிருந்தால் புது நட்டின் நுணுக்கமான பல்லால் பயனில்லை, கிளிப்போடு சேர்ந்து நட்டும் நகரும்.

4. கோன் ஸ்பிண்டிலில் கையால் வழுக்கிப் போக வேண்டும். போகவில்லையென்றால் பழைய பேரிங் சுற்றி விட்ட தழும்பு இருக்கிறது. மெல்லிய எமரி போட்டு எடு. கோன் அங்கே சிக்கி நின்றால் நட்டைத் திருப்புகிற பலமெல்லாம் அந்தத் தழும்போடு சண்டை போடத்தான் போகும், டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். புதுக் கப் அடித்திருந்தால் அது ஹப்பின் படியில் முழுக்க உட்கார்ந்ததா என்று மெல்லிய ஃபீலர் விட்டுப் பார். பாதியில் நின்ற கப் லோடு ஏறியதும் உட்காரும். நீ வைத்த அளவு ஒரே டிரிப்பில் காணாமல் போகும். கப்பையும் கோனையும் ஜோடியாகவே மாற்று.

5. கிரீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடு. குறுகிய பக்கத்தில் ரோலருக்கு நடுவே கிரீஸ் புழுவாக எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது. பழைய கிரீஸ் மேலேயே புதுசை அப்பாதே, இரண்டு ஜாதி கிரீஸ் கலந்தால் இளகி ஓடும் வாய்ப்பு உண்டு. சீலை ஒவ்வொரு முறையும் மாற்று.

6. இறுக்கும்போது ஹப் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை ரெஞ்சில், இன்னொருவன் கை ஹப்பில். நிற்கிற ஹப்பில் இறுக்கினால் ரோலர்கள் கோணலாகச் சிக்கிக்கொண்டு டைட் மாதிரி காட்டும். இரண்டு சுற்று சுற்றியதும் நேராகி, கோனின் அகன்ற பக்க விளிம்பில் போய் உட்கார்ந்து லூஸாகிவிடும். ஆர்.பி. 618 முறையில் முதலில் ஏறத்தாழ 270 நியூட்டன் மீட்டர் வரை சுற்றிக்கொண்டே இறுக்கி எல்லாவற்றையும் உட்கார வைக்கிறார்கள். பிறகு ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிக்கொண்டே 68 நியூட்டன் மீட்டர். அதிலிருந்துதான் கடைசித் தளர்த்தல். இது பெரிய லாரிக்கு உண்டானது. ஜீப்பிலோ மினி லாரியிலோ 270 போட்டுவிட்டு என்னிடம் வராதே. பழைய வில்லிஸ் ஜீப்புக்கு, சக்கரம் பிடிக்கிறவரை இறுக்கு, ஆறில் ஒரு சுற்று பின்வாங்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஹப் ஆறியிருக்கும்போதே இந்த வேலையைச் செய். மலை இறங்கி வந்த வண்டியின் ஹப்பைச் சூட்டோடு அட்ஜஸ்ட் செய்தால், ஆறிய பிறகு அளவு வேறாகத்தான் இருக்கும்.

7. இதுதான் முக்கியம், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. லாக் போட்ட பிறகு இருக்கிற ஆட்டம்தான் ஆட்டம். லாக் போடுவதற்கு முன் நீ அளந்தது எதுவும் கணக்கில் வராது.

இரண்டு நட் உள்ள ஹப்பை எடுத்துக்கொள். உள் நட், நடுவில் லாக் வாஷர், வெளியே லாக் நட். எந்த நட்டுக்கும் திரெட்டுக்கும் நடுவே துளி இடைவெளி இருக்கும், இல்லாவிட்டால் கையால் திருக முடியாது. பேரிங் உள் நட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும். நீ லாக் நட்டை இறுக்கும்போது அது உள் நட்டை உள்ளே தள்ளி அந்த இடைவெளியைத் தின்றுவிடும். கோனும் கூடவே உள்ளே போகும். முதல் நட்டில் நீ அழகாக வைத்த 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இப்போது பூஜ்யம், அல்லது பிரீலோட். பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், வண்டி கிளம்பிவிடும். ஹப் நடுவழியில் புகையும்.

ஆர்.பி. 618-ன் கணக்கைப் பார்த்தாலும் இது தெரியும். முன் ஆக்ஸிலில் அங்குலத்துக்கு 18 திரெட் உள்ள ஸ்பிண்டிலுக்கு, ஒற்றை நட் என்றால் கால் சுற்று தளர்த்தச் சொல்கிறது. இரட்டை நட் என்றால் அரைச் சுற்று. லாக் நட் தின்னப் போவதற்கும் சேர்த்து முன்கூட்டியே விடுகிறார்கள்.

இப்போது வெளி நட்டுக்கு வா. இரட்டை நட்டைக் கழற்றிவிட்டு ஒற்றை நட் போடுகிறாய். தள்ளுவதற்கு வெளியே யாரும் இல்லை. பழக்கத்தில் அரைச் சுற்று விட்டால் அது அப்படியே நின்றுவிடும். சக்கரம் தளும்பும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சென்சார் இடைவெளி மாறி விளக்கு எரியும். பிளவுள்ள நட்டைப் பக்க ஸ்குரூவால் பிடிக்கிற ரகத்தில் இன்னொரு சங்கடம்: ஸ்குரூவை இறுக்கும்போது நட் இம்மி நகரவோ சாயவோ செய்யும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எந்த நட்டாக இருந்தாலும் அட்ஜஸ்ட் செய், முழுசாக லாக் போடு, அப்புறம் அள. அளவு தப்பினால் லாக்கை எடுத்து முதலிலிருந்து வா. இரண்டு மூன்று முறை அவிழ்த்து மாட்டுவது அவமானம் இல்லை.

8. அளக்க டயல் கேஜ் வேண்டும். காந்தக் காலை ஹப்பிலோ டிரம்மிலோ ஒட்டி, ஊசியை ஸ்பிண்டில் நுனியில் நேராக நிறுத்து. ஹப்பை மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இரண்டு கையால் பிடித்து, லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளு, பிறகு வெளியே இழு. ஊசி நகர்ந்த மொத்தம்தான் ஆட்டம். திருப்பாமல் தள்ளி இழுத்தால் கிரீஸின் ஒட்டலை அளப்பாய். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் சாய்வு அதில் கலந்துவிடும். "கையிலேயே தெரியும், கேஜ் எதுக்கு" என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் கைக்குத் தெரியலாம். உன் கைக்கு 0.05-க்கும் 0.15-க்கும் வித்தியாசம் தெரியாது, கேஜை வைத்துப் பழகினால் பிற்பாடு தெரியக்கூடும்.

9. முன் சக்கரத்தில் ஆட்டம் என்று வண்டி வந்தால் உடனே ஹப் நட்டில் கை வைக்காதே. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவனைப் பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். கிங் பின் ஆட்டத்தை ஹப் நட்டை இறுக்கிச் சரிசெய்யப் போய் நல்ல பேரிங்கை எரித்த கதை எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும்.

10. உளியும் சுத்தியலும் ஹப் நட்டின் பக்கத்திலேயே வரக்கூடாது. சரியான பாக்ஸ் ஸ்பேனர் இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலையை எடுக்காதே.

11. வேலை முடிந்ததும் பதினைந்து இருபது கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு வரச் சொல். வந்ததும் ஹப் நடுவில் புறங்கையை வைத்துப் பார். இளஞ்சூடு இருக்கும், பரவாயில்லை. இடது வலது இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கையை எடுக்க வைத்தால் கழற்று. டிரம் சுட்டு ஹப் நடு ஆறியிருந்தால் அது பிரேக் சமாசாரம், நடு சுட்டால் பேரிங். கழற்றிப் பார்க்கும்போது ரோலர் நீலம் பாரித்து, அகன்ற முனை உரசியிருந்தால் டைட் வைத்திருக்கிறாய் என்று பொருள்.

12. முதல் லோடு டிரிப் முடிந்ததும் மறுபடி அள. போர்வெல் ரிக் லாரி என்றால் கட்டாயம் அள. அது எப்போதும் முழு எடையோடுதான் நிற்கும், ரோடில்லாத காட்டிலும் ஏறி இறங்கும். எந்தச் சக்கரம், எந்த ரக நட், பிட்ச் என்ன, லாக் போட்ட பின் எவ்வளவு ஆட்டம் என்பதை வண்டி நோட்டில் எழுதிவிடு. நாளைக்கு இந்தூரிலோ ராய்ப்பூரிலோ வேறு ஒருவன் அந்த ஹப்பைத் திறப்பான். பழைய நட்டையும் வாஷரையும் துடைத்து, கிரீஸ் தடவி, பையில் கட்டி டூல் பாக்ஸில் போட்டு அனுப்பு. புது நட்டின் கிளிப் தொலைந்தால் அந்த ஊர்க் கடையில் கிடைக்காது.