தமிழ் எழுத்தை எண்ண ஒரு தானியங்கி

பைத்தான் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகத்தான் யூனிகோட் அந்தச் சொல்லை வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியதோ 3. குறுக்கெழுத்துப் புதிர் செய்பவர், வெண்பாவைச் சரிபார்க்க நிரல் எழுதுபவர், சொல் விளையாட்டுச் செயலி செய்பவர் என எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. கணினி அறிவியல் மாணவர்கள் 0, 1 இரண்டை மட்டும் வைத்து வட்டமும் அம்பும் போட்டுத் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடும் முடிவுறு தானியங்கி இதை எளிதாகத் தீர்க்கும். முதலில் தாளும் பென்சிலும் போதும்.

படி 1: உள்ளீட்டை வகை பிரியுங்கள்

பள்ளியில் படித்த 247 எழுத்துகளுக்கும் சேர்த்து யூனிகோடில் 43 குறியீடுகளே உள்ளன: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1. நாற்பத்து மூன்றுக்கும் தனித்தனி அம்பு போட்டால் படத்தைப் படிக்கவே முடியாது. ஒரே மாதிரி நடந்துகொள்பவற்றை ஒரே வகையில் போடுங்கள். ஆய்தத்தின்மேல் எந்தக் குறியும் ஏறாது. அதனால் அது உயிரோடு சேரும். இந்த 43இல் அடங்காத ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் மெய்யோடு சேரும். புள்ளியும் உயிர்க்குறியும் இலக்கணத்தில் வேறு வேறு. ஆனால் இரண்டுமே மெய்யின்மேல் மட்டும் ஏறும், ஏறியதும் எழுத்து முடிந்துவிடும். நம் வேலைக்கு அவை ஒன்றே. ஆக மூன்றே வகைகள்: உயிர், மெய், குறி.

படி 2: வட்டம் போடுவதற்கு முன் ஒரு கேள்வி

பலர் இங்கேதான் அவசரப்பட்டு வட்டம் வட்டமாக வரையத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது: இதுவரை படித்ததில் எதை நினைவில் வைத்தால் இனி வருவதைத் தீர்மானிக்கலாம்? தானியங்கியின் ‘நிலை’, அதாவது படத்தின் வட்டம், இந்தக் கேள்விக்கான விடை மட்டுமே. படித்தது எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டு சரங்களுக்குப் பின் எதைச் சேர்த்தாலும் ஒரே தீர்ப்புதான் வரும் என்றால், இரண்டும் ஒரே நிலை. ஜான் மைஹில் 1957இலும் அனில் நெரோட் 1958இலும் நிறுவிய தேற்றத்தின் சாரம் இதுதான்.

நம் சிக்கலில் இதைப் போட்டுப் பாருங்கள். இன்னும் எதுவும் படிக்கவில்லை என்றால் அடுத்து உயிரோ மெய்யோ வரலாம், குறி வரக்கூடாது. ஓர் உயிரைப் படித்த பிறகும் அதே நிலைமை. ‘மி’ என்று குறியோடு முடிந்த பிறகும் அதேதான். மூன்றுக்கும் மூன்று வட்டம் தேவையில்லை, ஒன்று போதும். அதற்கு ‘மூடியது’ என்று பெயர் வைக்கலாம். ஒரு மெய்யைப் படித்தவுடன்தான் நிலைமை மாறுகிறது, ஏனென்றால் இப்போது குறியும் வரலாம். அது ‘திறந்தது’. தவறு நடந்துவிட்டால் திரும்ப வழியில்லாத ‘பிழை’ மூன்றாவது.

படி 3: அட்டவணை

மூடியது: உயிர் வந்தால் மூடியது, மெய் வந்தால் திறந்தது, குறி வந்தால் பிழை.
திறந்தது: உயிர் வந்தால் மூடியது, மெய் வந்தால் திறந்தது, குறி வந்தால் மூடியது.
பிழை: எது வந்தாலும் பிழை.

தொடக்கம் ‘மூடியது’. முதல் இரண்டும் ஏற்பு நிலைகள்: உள்ளீடு முடியும்போது இவற்றில் நின்றால் அது சரி. வெற்றுச் சரத்தையும் இது ஏற்கும். அது வேண்டாம் என்றால் மட்டும் தொடக்கத்துக்குத் தனி வட்டம் போடுங்கள்.

படி 4: எண்ணிக்கை

எண்ணிக்கையை நிலைக்குள் வைக்க முடியாது. 1, 2, 3 என்று முடிவில்லாமல் நிலைகள் வேண்டியிருக்கும். அதனால் அம்பின்மேல் வெளியீடு எழுதுங்கள்: உயிரோ மெய்யோ உள்ளே வந்தால் ஒன்று கூட்டு, குறி வந்தால் கூட்டாதே. இப்படி அம்பில் வெளியீடு வைக்கும் தானியங்கியை ஜார்ஜ் மீலி 1955இல் எழுதினார். இன்றும் அது மீலி எந்திரம்தான். ‘தமிழ்’ ஓடட்டும்: த (1, திறந்தது), ம (2, திறந்தது), இகரக் குறி (மூடியது), ழ (3, திறந்தது), புள்ளி (மூடியது). விடை 3. நிரலில் இது ஒரு சுழற்சியும் இரண்டு மூன்று நிபந்தனைகளும்தான்.

‘க்ஷ’ இதில் இரண்டாகக் கணக்காகும். ஒன்றாக வேண்டுவோர் கூடுதல் நிலைகள் சேர்க்கலாம். இரண்டாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

படி 5: ‘கொ’ என்ற பொறி

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம்: ஒற்றைக் குறியீடாக, அல்லது எகரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து. திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டாவது வழியில் வந்த ‘கொ’வை நம் தானியங்கி பிழை என்று தள்ளிவிடும். இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. எகரக் குறிக்குப் பின் ஒரு நிலை, ஓகாரத்துக்காக ஏகாரக் குறிக்குப் பின் இன்னொரு நிலை சேர்க்கலாம். எகரத்துக்குப் பின் ஔகாரத்தின் பிற்பகுதிக் குறியும் வரலாம், ஏகாரத்துக்குப் பின் வராது. ஆகவே இவை இரண்டும் ஒரே நிலை ஆகா. அல்லது, உள்ளீட்டை முதலில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு மூன்று நிலைகளோடு நிம்மதியாக இருக்கலாம். இரண்டாவதே மேல். பைத்தானில் அதற்கு ஒரே வரி.

படத்தை மற்ற வடிவங்களில் எழுதுவது

வட்டங்களைச் சுருங்குறித் தொடராக (regular expression) எழுதினால் இப்படி: (உயிர் | மெய் குறி?)*. இலக்கண விதிகளாக எழுத, ஒவ்வொரு நிலையையும் ஒரு மாறியாக்கி, ஒவ்வோர் அம்பையும் ஒரு விதியாக்குங்கள். ‘மூடியது → மெய் திறந்தது’ என்பது ஒரு விதி. ஏற்பு நிலைகளுக்கு வெற்றுச் சரம் தரும் விதி ஒன்று. பிழை நிலைக்கு விதியே வேண்டாம். சுருங்குறித் தொடரும் முடிவுறு தானியங்கியும் ஒரே ஆற்றல் கொண்டவை என்று ஸ்டீபன் கிளீனி காட்டியது 1956இல் அச்சானது.

இந்தக் கருவி எங்கே நிற்கும்?

‘விகடகவி’ போல இருபுறமிருந்தும் ஒன்றாகவே வாசிக்கும் மாலைமாற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருஞானசம்பந்தர் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். நீளத்துக்கு வரம்பில்லை என்றால் முடிவுறு தானியங்கியால் இது ஆகாது. படி 2இன் கேள்வியை மறுபடி கேளுங்கள். க என்பதைப் பல முறை படித்து, பிறகு ஒரு ட படித்திருக்கிறோம். இனி எத்தனை க வந்தால் மாலைமாற்று? முன்பு வந்த அதே எண்ணிக்கை. ஆகவே 1 க, 2 க, 3 க என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலை வேண்டும், முடிவே இல்லை. இதற்கு அடுக்கு நினைவகம் உள்ள தானியங்கியும் சூழல்சாரா இலக்கணமும் வேண்டும். விதியோ சிறியது: மாலைமாற்று என்பது வெற்றுச் சரம், அல்லது ஓர் எழுத்து, அல்லது ஒரே எழுத்து இரு முனையிலும் நிற்க நடுவில் இன்னொரு மாலைமாற்று.

ஆனால் நிரலில் குறியீடுகளை அப்படியே திருப்பிப் பார்த்தால் ‘விகடகவி’யே தோற்றுவிடும், ஏனென்றால் இகரக் குறி வகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். முதலில் மேலே செய்த மூன்று நிலைத் தானியங்கியால் எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள், பிறகு திருப்புங்கள். எழுதி முடித்ததும் வெற்றுச் சரம், ‘க’, ‘ஃ’, குறியில் தொடங்கும் சரம், இரண்டு வழியிலும் தட்டிய ‘கொ’ ஆகிய ஐந்தையும் கொடுத்துச் சோதித்துவிட்டு அப்புறம் பிறர் கையில் கொடுங்கள்.