ஹைடியை மலையேற்ற வேண்டாம்



தம்பி, கொடைக்கானல் மேல்மலைப் பள்ளி நூலகத்துக்காக நீ தயாரித்த 'எல்லோரும் நம்மவரே' என்கிற, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பற்றிய புத்தகப் பட்டியல் வந்து சேர்ந்தது. முதல் வரியிலேயே இந்தக் கிழவனுக்குக் கோபம் வந்துவிட்டது. முதலிடத்தில் 'ஹைடி'! அடுத்து 'தி சீக்ரெட் கார்டன்'!

யோஹன்னா ஸ்பைரி 1880-81இல் எழுதிய கதையில் நடக்க முடியாத கிளாரா சக்கர நாற்காலியோடு ஆல்ப்ஸ் மலைக்கு வருகிறாள். நாற்காலி சரிவில் உருண்டு நொறுங்குகிறது. ஆட்டுப்பாலும் மலைக்காற்றும் அவளை நடக்க வைத்துவிடுகின்றன. பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 1911 நாவலில் தோட்டத்துக்குள் போன காலினும் எழுந்து நிற்கிறான். நல்ல கதைகள்தாம், யார் இல்லையென்றது? ஆனால் அந்த மலைக்காற்றைப் பிறந்ததிலிருந்து சுவாசித்துக்கொண்டு, பூம்பாறையில் காலுக்குத் தாங்குகம்பியான காலிப்பர் மாட்டியபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கிளாராவைப் படித்துவிட்டு என்ன நினைக்கும்? தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்றுதானே?

மலைக்காற்று மோகம் கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிகள் இங்கே வீடு கட்டியதே சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்துதான். 1910-களில் மோட்டார் சாலை வருவதற்கு முன் அடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏற வேண்டும். கால் நன்றாக இருந்த துரைகளையும் துரைசானிகளையும்கூட நாற்காலியில் உட்கார வைத்துக் கூலியாட்கள் தூக்கி வந்தார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்றதாகத் தெரியவில்லை. ஏற்றம் செங்குத்து, அவ்வளவுதான்.

அதனால்தான் கேட்கிறேன்: 'சுஸ்கித் கோஸ் டு ஸ்கூல்' ஏன் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது? சுஜாதா பத்மநாபன் எழுதி, மதுவந்தி அனந்தராஜன் படம் வரைந்து, பிரதம் புக்ஸ் போட்ட புத்தகம். லடாக்கில் நடக்க முடியாத சிறுமி; சக்கர நாற்காலி வந்தும் பள்ளிக்கூடம் போக வழியில்லை, நடுவில் கரடும் ஓடையும். அப்துல் என்கிற பையன் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுகிறான், பிள்ளைகள் சேர்ந்து பாதையைச் சமன் செய்கிறார்கள். சுஸ்கித்தின் கால் கடைசிவரை அப்படியேதான் இருக்கிறது. மாறுவது பாதை. இப்படி ஒரு கதை கிடைத்தால் இந்தக் கிழவன் மற்றதையெல்லாம் பரணில் போட்டுவிடுவான்!

முன்பு கீழ்மலைப் பள்ளி ஒன்றில் இதை வாசித்துக் காட்டியபோது ஒரு சிறுமி கதையை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்த வண்டி எங்க ஊரு ஏத்தத்துல ஏறுமா தாத்தா?" என்றாள். ஏறாது என்று அவளே பதிலும் சொல்லிவிட்டு, எந்தெந்தத் திருப்பத்தில் கல் எடுக்க வேண்டும் என்று விரல்விட்டு அடுக்கினாள். பஞ்சாயத்துக்காரர்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு எரிச்சல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே தம்பி எழுதியிருக்கும் 'நீதி'. 'கேட்ச் தட் கேட்!' புத்தகத்துக்குக்கூடவா? தாரிணி விஸ்வநாத்தின் டிப் டிப் சக்கர நாற்காலியில் திரியும் வாலுப் பெண். காணாமல் போன பூனையைத் தேடுகிறாள். நான்சி ராஜின் படங்களில் நாற்காலி இருக்கிறது, உபதேசம் இல்லை. அதன் கீழே 'மாற்றுத்திறனாளிகளை மதிப்போம்' என்று எழுதினால் பிள்ளைகள் அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள்.

பட்டியலில் உள்ள 'கண்ணா பன்னா' பரவாயில்லை. கொடைக்கானலில் ஆசிரியராக இருந்த ஸாய் விட்டேக்கர் எழுதியது, தூலிகா வெளியீடு. குகையில் விளக்கு அணைந்ததும் பார்வையற்ற கண்ணாதான் மற்றவர்களை வெளியே கூட்டி வருகிறான். எழுத்தில் குறும்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பிள்ளை யாரையாவது காப்பாற்றிய பிறகுதான் அவனுக்கு மரியாதை என்ற சூத்திரம் உறுத்துகிறது. 1939இல் வந்த சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபும் அதே கதைதானே? பனிமூட்டத்தில் மூக்கு உதவியதால் சேர்த்துக்கொண்டார்கள், உதவாவிட்டால்?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள். 2016 சட்டத்தில் 21. தம்பியின் பட்டியலிலோ சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும். திக்குகிற பிள்ளை, எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை எங்கே? ஸைனப் சுலைமானின் 'சிம்ப்ளி நஞ்சு' வாங்கிப் போடு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி ஒன்றில் நடக்கிற கதை. பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், துப்பறிகிறார்கள், யாருமே புனிதர் இல்லை. ஆங்கிலம்தான், ஏழாம் வகுப்புக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்துக் காட்டலாம்.

நூலகம் மாடியில் என்று கேள்விப்பட்டேன். கீழே ஒரு அறை கேட்டு முதலில் மனு எழுது. பட்டியலை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.