மறைவழியும் அதன் காவலாளரும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவனொருவன், "ஐயா, வீ.பி.என். செயலியைக் கைத்தொலைபேசியில் இட்டுக்கொண்டால் நாம் செய்வதை ஒருவரும் அறியமாட்டார்கள் அல்லவா?" என்று வினவினான். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் நம் நாட்டில் முகநூல் முதலியன தடுக்கப்பட்டபோது, பலரும் இத்தகைய செயலிகளை நாடியமை நினைவிலிருக்கும். அன்று கிடைத்ததை எடுத்தோமேயன்றி, அதனை நடத்துவோர் யாவரென ஆராய்ந்தோமல்லோம்.

அது தொழிற்படுமாற்றை முதற்கண் நோக்குவோம். உரியவரின் விலாசமிட்ட கடிதத்தை மற்றோர் உறையுள் வைத்து ஒட்டி, வெளியூரிலுள்ள முகவர் ஒருவருக்கு அனுப்புவதாகக் கொள்க. அவர் வெளியுறையை நீக்கி, உள்ளுறையைத் தம் விலாசத்திலிருந்து அனுப்பிவைப்பார். நம்மூர்த் தபாற்காரர், முகவருக்குக் கடிதம் போவதை மட்டுமே காண்பார். பெறுபவரோ முகவரின் விலாசத்தையே காண்பார். இங்கே தபாற்காரர் என்றது நமக்கு இணைய இணைப்புத் தரும் கம்பனியை. பொதுவிடங்களிலுள்ள வைபை இணைப்பைப் பயன்படுத்துவார்க்கும், தடைசெய்யப்பட்ட செய்திகளைப் படிக்க விரும்புவார்க்கும் இது மெய்யான நன்மையே. அதனைக் குறைத்துக் கூறல் நேர்மையன்று.

ஆயின், உள்ளுறையின் விலாசத்தை முகவர் பார்க்கிறாரே! இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் உள்ளுறைக்கும் முத்திரையிடுதலின், எழுதியதை அவர் வாசிக்க இயலாது. எனினும், யாருக்கு, எப்பொழுது, எத்தனை முறை எழுதினோம் என்பது அவர் அறியக்கூடியதே. தபாற்காரர்மீது வைத்த நம்பிக்கையை முகவர்மீது மாற்றினோமேயன்றி, நம்பவேண்டிய தேவை நீங்கிற்றில்லை.

"ஓனாவோ புரொடெக்ட்" என்னும் இலவசச் செயலி, மக்களின் தரவைக் காப்பதாகவே விளம்பரஞ் செய்யப்பட்டது. ஓனாவோவை 2013இல் வாங்கிய பேஸ்புக் கம்பனியோ, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தினர் என்பதை அதன்வழி அறிந்து, போட்டியாளரின் வளர்ச்சியை அளந்தது. காவலுக்கு நின்றவனே கணக்கெழுதினான்! 2018இல் ஆப்பிள் கம்பனியின் செயலிக் கடையிலிருந்து அது நீங்கிற்று, மறுவருடம் மூடப்பட்டது. தரவு இவ்வாறு பயன்படுவதைப் போதியவாறு வெளிப்படுத்தாமைக்காக, 2023 ஜூலையில் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் அதன் துணைக் கம்பனிகள் இரண்டுக்கு மொத்தம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது.

மாறான உதாரணமும் உண்டு. சுவீடன் நாட்டு முல்வாட் என்னுங் கம்பனி, வாடிக்கையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ கேளாது ஓர் எண்ணை மட்டுமே கொடுப்பது. உறையிலிட்டனுப்பும் காசையும் ஏற்பது. 2023 ஏப்ரலில் பொலிசார் தேடுதலாணையுடன் அதன் கந்தோருக்குச் சென்றும், வாடிக்கையாளர் விபரம் எதுவுமின்றியே மீண்டனர். இல்லாததை எவ்வாறு கொண்டுசெல்வது? விளம்பரத்தினும் இது வலிய சான்று. ஆனால் மாதம் 5 யூரோ என்பது நம் மாணவர்க்குச் சிறு தொகையன்று.

முகநூலில் தன் பெயராற் புகுந்தவனை எம்மறைவழியும் முகநூலிடமிருந்து மறைக்காது என்பதனையும் அம்மாணவனுக்குக் கூறினேன். பின்னர் அவன் இட்டிருந்த செயலியை நடத்துவோர் யாரென இருவரும் தேடினோம். ஒரு பெயர் இருந்தது; நாடோ விலாசமோ இல்லை. அவன் அதனை அப்பொழுதே நீக்கிவிட்டான்.